‘ஏதோ ஒண்ணு தப்பாகலாம்’: ஒரு வரியின் 60 வருஷ வரலாறு

இந்த எபிசோட் ஒரே ஒரு வரியைப் பற்றியது. ஜாவாவில் வேலை பார்க்கிற எல்லோரும் அதைப் பார்த்திருப்பீங்க: ‘த்ரோஸ் எக்ஸெப்ஷன்’. மெத்தட் பெயருக்கு அடுத்தபடியாக, யார் கண்ணையும் உறுத்தாமல் உட்கார்ந்திருக்கும். ‘என்னைக் கூப்பிட்டா ஏதோ ஒண்ணு தப்பாகலாம்’ என்பதுதான் அதற்கு அர்த்தம். என்ன தப்பாகும், தப்பானால் கூப்பிட்டவர் என்ன செய்யணும் என்கிற விவரம் எதுவும் அதில் கிடையாது.

கோட் ரிவ்யூவில் இதற்காக யாரும் பெரிதாகச் சண்டை போடுவதில்லை. கம்பைல் ஆகுது, டெஸ்ட் பாஸ் ஆகுது, அப்புறம் என்ன? ஆனால் தவறுகளைப் பெயர் சொல்லி அறிவிப்பதா, பொத்தாம்பொதுவாக அறிவிப்பதா என்ற கேள்விக்கு 60 வருஷ வரலாறு இருக்கிறது. நடுவில் ஒரு ராக்கெட்டே வெடித்திருக்கிறது. கோட் எழுதாதவங்களும் கேளுங்க. இந்த வரிக்கான விலையைப் பல நேரம் கொடுக்கிறது அவங்கதான்.

ஊர் பெயர் இல்லாத போர்டு

எக்ஸெப்ஷன் என்றால் என்ன என்பதை முதலில் பார்த்துடலாம். எங்க ஊர் உதாரணமே சொல்றேன். விழுப்புரம் மாவட்டம், மேல்மலையனூர். அங்காளம்மன் கோயிலில் அமாவாசை ராத்திரி நடக்கிற ஊஞ்சல் உற்சவத்துக்குப் பல மாவட்டங்களிலிருந்தும் சனம் வரும். ஊரில் ரயில் நிலையம் கிடையாது. பெரும்பாலானவர்கள் பஸ்ஸில்தான் திரும்பணும். உற்சவம் முடிந்ததும் கூட்டம் மொத்தமாக பஸ் நிற்கிற இடத்துக்கு வரும். செஞ்சி, திண்டிவனம், விழுப்புரம், திருவண்ணாமலை என்று போர்டைப் பார்த்துத்தான் ஏறுவோம்.

எல்லா பஸ்ஸிலும் ஊர் பெயரை எடுத்துவிட்டு ‘சிறப்புப் பேருந்து’ என்று மட்டும் எழுதி வைத்தால் என்ன ஆகும்னு யோசிங்க. அந்த போர்டில் பொய் எதுவும் இல்லை, அது சிறப்புப் பேருந்துதான். ஆனால் தூங்குகிற குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு திண்டிவனம் போகவேண்டியவருக்கு அதனால் ஒரு பிரயோஜனமும் இல்லை. ஒவ்வொரு பஸ்ஸாக ஏறி இறங்கி விசாரிக்கணும். இல்லாட்டி கிடைத்ததில் ஏறிவிட்டு, விடிந்த பிறகு எந்த ஊர் என்று பார்க்கணும்.

மென்பொருளிலும் இதே கதைதான். ஒரு ஃபங்க்ஷன் ஒரு ஃபைலைத் திறக்கப் போகிறது என்று வைத்துக்கொள்வோம். ஃபைல் இல்லாமல் இருக்கலாம். இருந்தும் படிக்க அனுமதி இல்லாமல் இருக்கலாம். டிஸ்க்கே கெட்டுப்போயிருக்கலாம். மூன்றுக்கும் வைத்தியம் வேறு வேறு. ஃபைல் இல்லையென்றால் புதிதாக ஒன்றை உருவாக்கலாம். அனுமதி இல்லையென்றால் பயனரிடம் கேட்கலாம். டிஸ்க் கெட்டிருந்தால் மேற்கொண்டு எதையும் எழுதாமல் நிறுத்தணும். இப்படி வழக்கமான பாதையில் போக முடியாதபோது, நடந்ததைக் கூப்பிட்டவரிடம் சொல்லும் ஏற்பாடுதான் எக்ஸெப்ஷன். ஒருவர் எறிகிறார், மேலே இருக்கும் ஒருவர் பிடிக்கிறார். என்னென்ன எறிவேன் என்று முன்கூட்டியே சொல்லி வைப்பதுதான் அறிவிப்பு, அதாவது பஸ் போர்டு.

பெயர் வைக்கத் தொடங்கிய காலம்

1960களின் நடுவில் ஐபிஎம் கொண்டுவந்த பிஎல்/1 மொழியில் இதற்கு ‘ஆன்’ என்ற ஏற்பாடு இருந்தது. பூஜ்ஜியத்தால் வகுக்க நேர்ந்தால் இதைச் செய், எண் அளவு மீறினால் இதைச் செய், ஃபைல் முடிந்துபோனால் இதைச் செய் என்று ஒவ்வொரு நிலைமைக்கும் தனித்தனிப் பெயர் உண்டு. கூடவே ‘எரர்’ என்று ஒரு பொதுப்பெயரும் உண்டு. ஆக, பெயர் சொல்வது, சும்மா ‘தப்பு’ என்று சொல்வது ஆகிய இரண்டு வழிகளும் ஆரம்பத்திலிருந்தே பக்கத்துப் பக்கத்தில் இருந்திருக்கின்றன.

1975இல் ஜான் குட்இனஃப் என்பவர் எழுதிய ஆய்வுக் கட்டுரை இதை ஒழுங்காக யோசிக்க வைத்தது. எக்ஸெப்ஷனை வெறும் விபத்தாகப் பார்க்காமல், ஒரு செயலைக் கூப்பிட்டவருக்குத் தகவல் சொல்லும் வழியாக அவர் பார்த்தார். தகவல் என்று ஆன பிறகு, அது எவ்வளவு துல்லியமாக இருக்கிறது என்பது முக்கியமாகிவிடுகிறது இல்லையா?

அதே காலத்தில் எம்ஐடியில் பார்பரா லிஸ்கோவ் குழு உருவாக்கிய சிஎல்யூ மொழி இதை விதியாகவே வைத்தது. ஒரு ப்ரொசீஜர் என்னென்ன சிக்னல் எழுப்பும் என்பதை அதன் தலைப்பிலேயே பெயர் சொல்லி எழுதணும். கூப்பிட்டவர் அதைக் கையாளாமல் விட்டால், அந்தச் சிக்னல் அதே பெயரோடு மேலே மேலே போகாது. ‘ஃபெயிலியர்’ என்ற பொதுப்பெயராக மாறிவிடும். யாரோ செய்யவேண்டிய வேலையைச் செய்யவில்லை என்பதற்கு அடையாளமாகத்தான் அங்கே பொதுப்பெயர் வந்தது. இந்த அமைப்பை விளக்கி லிஸ்கோவும் ஆலன் ஸ்னைடரும் 1979இல் எழுதினார்கள்.

அப்படியென்றால் பொதுப்பெயரே கூடாதா? அப்படிச் சொல்ல முடியாது. நம்ம இலக்கணத்திலேயே இதற்கு ஒரு நல்ல முன்மாதிரி இருக்கு: புறனடை. தொல்காப்பியத்தில் பல இயல்களின் முடிவில் புறனடைச் சூத்திரம் வரும். இங்கே சொல்லாத ஒன்று வந்து நின்றால், சொன்னவற்றின் வழியிலேயே அதையும் புரிந்துகொள் என்பது அதன் சாரம். நன்னூலிலும் புறனடை உண்டு. மொழி பெரியது, எல்லாவற்றையும் பட்டியல் போட முடியாது என்று இலக்கணம் எழுதியவர்களுக்குத் தெரியும். ஆனால் அவர்கள் புறனடையை வைத்த இடத்தைப் பாருங்க. ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லி விதி எழுதி முடித்த பிறகு, கடைசியில் வைத்தார்கள். மிச்சத்தை எப்படி அணுகணும் என்றும் சொன்னார்கள். இயலின் முதல் சூத்திரமே புறனடையாக இருந்து, அதோடு இயல் முடிந்தும் போனால் எப்படி இருக்கும்? ‘த்ரோஸ் எக்ஸெப்ஷன்’ அப்படிப்பட்ட ஒரு வரி.

37 வினாடி

1980இல் டோனி ஹோருக்கு டூரிங் விருது கிடைத்தது. விருது உரையில் அவர் ஏடா மொழியைக் கடுமையாக விமர்சித்தார். அமெரிக்கப் பாதுகாப்புத் துறைக்காக அப்போது உருவாகிக்கொண்டிருந்த மொழி அது. ஆபத்தான அம்சங்கள் என்று அவர் சொன்னவற்றில் எக்ஸெப்ஷன் கையாளுதலும் ஒன்று. 1983இல் தரப்படுத்தப்பட்ட ஏடாவில், ஒரு ஃபங்க்ஷன் எந்தெந்த எக்ஸெப்ஷனை எழுப்பும் என்று தலைப்பில் எழுத இடமே இல்லை. வந்ததையெல்லாம் மொத்தமாகப் பிடிக்க மட்டும் ‘வென் அதர்ஸ்’ என்று ஒரு வசதி இருந்தது.

1996 ஜூன் 4. தென் அமெரிக்காவில் உள்ள பிரெஞ்சு கயானாவின் கூரூ ஏவுதளம். ஐரோப்பாவின் புதிய ராக்கெட் ஏரியான் 5 முதல்முறையாகக் கிளம்புகிறது. உள்ளே க்ளஸ்டர் என்ற ஆய்வுத் திட்டத்துக்கான 4 செயற்கைக்கோள்கள். முதன்மை எஞ்சினைப் பற்றவைக்கும் வரிசை தொடங்கிச் சுமார் 37 வினாடியில் ராக்கெட்டின் திசை காட்டும் கணினிகள் செயலிழந்தன. சுமார் 3,700 மீட்டர் உயரத்தில் ராக்கெட் பாதை விலகி, உடைந்து, வெடித்தது.

காரணத்தில் பாதி எல்லா இன்ஜினியரிங் மாணவர்களுக்கும் தெரிந்ததுதான். ஏரியான் 4இல் இருந்து எடுத்து வந்த மென்பொருள், 64 பிட் தசம எண் ஒன்றை 16 பிட் முழு எண்ணாக மாற்றப் பார்த்தது. 16 பிட்டில் 32,767க்கு மேல் இடமில்லை. ஏரியான் 5இன் கிடைமட்ட வேகம் ஏரியான் 4ஐவிட 5 மடங்கு விரைவாக ஏறும். எண் கொள்ளாமல் போனது, எக்ஸெப்ஷன் எழுந்தது. இப்படி ஆபத்துள்ள மாறிகள் 7 இருந்தன. கணினியின் வேலைச்சுமை 80 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்பதற்காக, அதில் 4க்கு மட்டும் பாதுகாப்பு போட்டு 3ஐ விட்டிருந்தார்கள்.

மறுபாதிதான் இன்றைக்கு நமக்கு வேண்டியது. ஜாக்-லூயி லியோன்ஸ் தலைமையிலான விசாரணைக் குழு 1996 ஜூலையில் அறிக்கை கொடுத்தது. எக்ஸெப்ஷன் வந்தால் என்ன செய்யணும் என்று அந்தக் கணினிக்கு எழுதியிருந்த விதியையும் குழு ஒரு காரணமாகக் குறிப்பிட்டது. எந்த வகை எக்ஸெப்ஷன் வந்தாலும் சரி, கோளாறைத் தெரிவி, விவரத்தை நினைவகத்தில் எழுது, பிறகு ப்ராசஸரை நிறுத்து. இவ்வளவுதான் விதி.

ஏன் இப்படி எழுதினார்கள்? கோளாறு என்றாலே ஹார்டுவேர் கோளாறு என்று நினைத்திருந்தார்கள். ஹார்டுவேர் எப்போதாவது ஒன்று கெடும், அப்போது அதை நிறுத்திவிட்டு மாற்றுக் கணினிக்குப் போனால் போதும். அந்த நினைப்புக்குள் விதி சரியாகத்தான் இருந்தது. ஆனால் மாற்றுக் கணினியில் ஓடியதும் அதே மென்பொருள். முதன்மைக் கணினிக்கு 72 மில்லி வினாடி முன்பாகவே அது அதே எக்ஸெப்ஷனால் நின்றுவிட்டது. நின்றுபோன கணினி அனுப்பிய கோளாறுத் தகவலைப் பறக்கும் தகவல் என்று நினைத்து, ராக்கெட்டின் மையக் கணினி எஞ்சின் முனைகளைக் கடைசி வரை திருப்பியது.

இதில் மனசைப் பிசைகிற விஷயம் ஒன்று இருக்கு. அந்த எண்ணைக் கணக்கிட்ட பகுதி, ராக்கெட் கிளம்பும் முன் திசையைச் சீரமைப்பதற்கானது. தரையை விட்டு எழுந்த பிறகு அதனால் ஏரியான் 5க்கு ஒரு பயனும் இல்லை. ‘சீரமைப்புக் கணக்கில் எண் கொள்ளவில்லை’ என்று பெயர் சொல்லிக் கேட்டிருந்தால், அந்தக் கணக்கை விட்டுவிட்டு மேலே போயிருக்கலாம். ‘ஏதோ ஒரு எக்ஸெப்ஷன்’ என்று மட்டும் கேட்ட கணினிக்குத் தன்னை நிறுத்திக்கொள்வதைத் தவிர வேறு வழி தெரியவில்லை.

இதற்கு மூன்று வருஷம் முன்னால் நம்ம பக்கத்திலும் ஒன்று நடந்தது. 1993 செப்டம்பர் 20 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து பிஎஸ்எல்வியின் முதல் ராக்கெட் ஐஆர்எஸ்-1இ செயற்கைக்கோளோடு கிளம்பித் தோற்றது. அதற்கான காரணங்களில் ஒன்று, ராக்கெட்டை வழிநடத்தும் கணினியின் மென்பொருளில் இருந்த பிழை. அது பொதுப்படையான எக்ஸெப்ஷன் பற்றிய கதை கிடையாது. ஆனால் இஸ்ரோ அடுத்துச் செய்தது நமக்குப் பாடம். என்ன பிழை, எங்கே என்று கண்டுபிடித்துத் திருத்தி, 1994 அக்டோபர் 15 அன்று அடுத்த பிஎஸ்எல்வியை வெற்றிகரமாக அனுப்பினார்கள். ஏரியான் 5உம் பிறகு தேறியது. 2000 மார்ச்சில் நம்ம இன்சாட்-3பி அதில்தான் போச்சு. பெயர் தெரிந்த பிழையைத் திருத்தலாம் என்பதற்கு இரண்டுமே சாட்சி.

ஜாவா எடுத்த முயற்சி

ஏரியான் வெடித்த அதே 1996இல்தான் ஜாவாவின் முதல் பதிப்பு வெளியானது. சிஎல்யூவின் ஆசையை ஜாவா பெரிய அளவில் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. சில வகை எக்ஸெப்ஷன்களை ஒன்று பிடிக்கணும், இல்லையென்றால் தலைப்பில் அறிவிக்கணும். இரண்டும் செய்யாவிட்டால் கம்பைலர் விடாது.

நோக்கம் நல்லதுதான். ஆனால் மனுஷங்க என்ன செய்வாங்க? கீழே ஒரு மெத்தட் 4 வகை எக்ஸெப்ஷனை அறிவிக்கும், அதைக் கூப்பிடுகிற மெத்தட் இன்னும் 4ஐச் சேர்க்கும், மேலே போகப் போகப் பட்டியல் நீளும். வெள்ளிக்கிழமை சாயங்காலம் ரிலீஸ் இருக்கும்போது, எல்லாவற்றையும் அழித்துவிட்டு ‘த்ரோஸ் எக்ஸெப்ஷன்’ என்று ஒரு வரி போட்டால் கம்பைலர் வாயை மூடிக்கொள்ளும். சி ஷார்ப் மொழியின் தலைமை வடிவமைப்பாளர் ஆண்டர்ஸ் ஹெய்ல்ஸ்பெர்க் 2003இல் ஒரு பேட்டியில் இதைத்தான் சொன்னார். கட்டாயப்படுத்தினால் மக்கள் இந்தக் குறுக்கு வழிக்குத்தான் போகிறார்கள், பாதுகாப்பும் கிடைப்பதில்லை என்பது அவர் வாதம். அதனால் சி ஷார்ப்பில் அந்தக் கட்டாயமே இல்லை. சி++ மொழியும் தன் பழைய எக்ஸெப்ஷன் பட்டியல் முறையை 2011இல் கைவிடவேண்டியது என்று அறிவித்து, 2017இல் நீக்கியது.

என் கருத்து என்னன்னா, ஹெய்ல்ஸ்பெர்க் சொன்ன நோய் உண்மை. ஆனால் அந்தக் குறுக்கு வழி சும்மா ஒரு அழகுக் குறைச்சல் மட்டும் இல்லை. அது மூன்று விதத்தில் கெடுதல் செய்யும்.

முதலாவது, அது தொற்றும். நான் ‘த்ரோஸ் எக்ஸெப்ஷன்’ என்று எழுதினால், என்னைக் கூப்பிடுகிறவரும் அதையே எழுதணும், இல்லையென்றால் எல்லாவற்றையும் மொத்தமாகப் பிடிக்கணும். அவரைக் கூப்பிடுகிறவருக்கும் அதே கதி.

இரண்டாவது, கம்பைலரின் எச்சரிக்கை போய்விடும். நாளைக்குக் கீழே யாராவது ‘பணம் கட்டியது உறுதியாகவில்லை’ என்று ஒரு புது எக்ஸெப்ஷனைச் சேர்த்தால், பெயர் சொல்லி எழுதிய இடத்திலெல்லாம் கம்பைலர் நம்மை நிறுத்திக் கேட்கும். பொத்தாம்பொதுவாக எழுதிய இடத்தில் சத்தமே வராது.

மூன்றாவது, பிடிக்கக் கூடாததும் வலையில் விழும். ஜாவாவில் ‘கேட்ச் எக்ஸெப்ஷன்’ என்று எழுதினால் நல் பாயின்டர் போன்ற நம்ம சொந்தப் பிழைகளும் அதில் மாட்டி மறைந்துபோகும். ஒரு த்ரெட்டை நிறுத்தச் சொல்லி வரும் ‘இன்டரப்டட் எக்ஸெப்ஷன்’கூட அதில் சிக்கும். நிறுத்து என்று சொன்ன குரல் யார் காதிலும் விழாமல் போய்விடும்.

பைத்தானுக்கும் இந்தத் தொல்லை இருந்தது. ஓடுகிற நிரலை கன்ட்ரோல்-சி அழுத்தி நிறுத்தப் பார்ப்போம், பரந்த எக்ஸெப்ட் வரி அதையும் ஒரு தவறாக நினைத்து விழுங்கிவிடும். 2006இல் வந்த பைத்தான் 2.5 பதிப்பில் எக்ஸெப்ஷன் குடும்பத்தையே மாற்றி அமைத்து, ‘நிறுத்து’ என்ற கட்டளையைப் பொதுவான எக்ஸெப்ஷனுக்கு வெளியே வைத்தார்கள். பெயர் எதுவும் எழுதாத வெறும் எக்ஸெப்ட் வரி இப்போதும் அதை விழுங்கும், கவனமா இருங்க.

இதெல்லாம் புத்தக ஒழுக்கம், நிஜத்தில் இதனால் என்ன ஆகிவிடும் என்று கேட்கிறவர்களுக்கு ஒரு ஆய்வு. 2014இல் டொரான்டோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கஸாண்ட்ரா, ஹெச்பேஸ், ரெடிஸ் போன்ற 5 பெரிய அமைப்புகளில் நடந்த 198 கோளாறுகளை அலசினார்கள். மொத்த அமைப்பையும் முடக்கிய கோளாறுகளில் 92 சதவீதம், மென்பொருள் தானே எழுப்பிச் சொன்ன சாதாரணத் தவறுகளைச் சரியாகக் கையாளாததால் வந்தவை. மொத்த அமைப்பையும் முடக்கிய எல்லாக் கோளாறுகளிலும் 35 சதவீதம் மிக எளிய மூன்று வகைக்குள் அடங்கியது: கையாளும் இடம் காலியாகவோ லாக் வரி மட்டுமாகவோ இருந்தது, ‘பிறகு எழுதணும்’ என்ற குறிப்போடு விட்டது, அளவுக்கு மீறிப் பொதுவான எக்ஸெப்ஷனைப் பிடித்து அமைப்பையே நிறுத்தியது. கடைசி வகையைப் பாருங்க. 18 வருஷம் கழித்து, கிட்டத்தட்ட அதே ஏரியான் விதி.

கவுன்ட்டருக்கு இந்தப் பக்கம்

இப்போ விலை கொடுப்பது யார் என்ற கேள்விக்கு வரேன். கைரேகை வைத்துப் பொருள் வாங்குகிற ஒரு ரேஷன் கடையை நினைச்சுக்கோங்க. பில் போடுகிற மெஷினில் ஒரு பாட்டி விரல் வைக்கிறார். மூன்று தவறு நடக்கலாம். வயல் வேலை பார்த்துத் தேய்ந்த விரலின் ரேகை படாமல் இருக்கலாம். நெட்வொர்க் இல்லாமல் இருக்கலாம். கார்டில் அவர் பெயரே நீக்கப்பட்டிருக்கலாம். முதலாவதற்கு வேறு விரலை வைத்துப் பார்க்கணும். இரண்டாவதற்கு அரை மணி நேரம் காத்திருக்கணும். மூன்றாவதற்கு மேல்மலையனூர் தாலுகா ஆபீஸுக்குப் போகணும், கடையில் எவ்வளவு நேரம் நின்றாலும் பயனில்லை.

மென்பொருளின் அடியில் இந்த மூன்றும் மூன்று தனித் தவறுகளாகத்தான் பிறந்திருக்கும். நடுவில் ஏதோ ஒரு அடுக்கில் யாரோ அதையெல்லாம் ‘எக்ஸெப்ஷன்’ என்று ஒன்றாக்கினால், திரையில் ‘தொழில்நுட்பக் கோளாறு, பிறகு முயற்சிக்கவும்’ என்று மட்டும் வரும். கடைக்காரருக்கும் அதற்கு மேல் தெரியாது. ‘நாளைக்கு வாம்மா’ என்பார். பெயர் நீக்கப்பட்ட பாட்டி நாளைக்கும் வருவார், அதற்கு மறுநாளும் வருவார். ஒவ்வொரு நடைக்கும் அரைநாள் கூலி போகும். நம்ம ஆபீஸில் ஏசி அறையில் மிச்சமான இரண்டு நிமிஷத்தின் விலை அது.

பொதுவாக அறிவிக்கும்போது நாம் செய்வது இதுதான்: முடிவெடுக்கும் வேலையை நம்மைவிடக் குறைவான விவரம் உள்ளவரிடம் தள்ளிவிடுகிறோம். அவர் இன்னும் குறைவாகத் தெரிந்தவரிடம் தள்ளுவார். கடைசியில் அது எதுவுமே தெரியாதவர் தலையில் வந்து நிற்கும்.

சரி, என்ன செய்யலாம்? நூறு பெயர் கொண்ட பட்டியல் வேண்டாம். கூப்பிடுகிறவர் வேறு வேறு விதமாக நடந்துகொள்ள வேண்டிய நிலைமைகளுக்கு மட்டும் தனிப் பெயர் கொடுங்க. கீழ் அடுக்கின் 10 எக்ஸெப்ஷன்களை, மூல காரணத்தை உள்ளே வைத்து, நம்ம துறைக்குப் புரிகிற 2 அல்லது 3ஆக மாற்றி அனுப்பலாம். மொத்தமாகப் பிடிக்கும் வலையைப் புறனடை மாதிரி கடைசியில், நிரலின் வெளி எல்லையில் ஒரே இடத்தில் வையுங்க. அங்கேயும் முழு விவரத்தை லாகில் எழுதுங்க. நிறுத்தச் சொல்லும் குரலை மட்டும் எங்கேயும் விழுங்காதீங்க. ஜாவா நூலகத்திலேயே சில இடங்களில் ‘த்ரோஸ் எக்ஸெப்ஷன்’ இருக்குமே என்று கேட்பீங்க. ஆமா, 2011இல் வந்த ஆட்டோ க்ளோஸபிள் ஒரு உதாரணம். யார் எதற்குப் பயன்படுத்துவார்கள் என்று முன்கூட்டியே தெரியாத பொது வடிவம் அது. அதன் ஆவணமே, அதை எடுத்துப் பயன்படுத்தும்போது குறிப்பான எக்ஸெப்ஷனை அறிவிக்கவோ எதையும் எறியாமல் இருக்கவோ வலியுறுத்துகிறது.

நாளைக்கு ஆபீஸ் போனதும் உங்க ரெப்போவில் அந்த வரியைத் தேடிப் பாருங்க. எத்தனை வந்தாலும் பயப்படாதீங்க. ஒன்றை மட்டும் எடுத்து, கீழே நிஜமாக என்னென்ன தப்பாக முடியும் என்று இறங்கிப் பார்த்து, பெயர் போட்டு எழுதுங்க. அதன் பிறகு கம்பைலர் எந்தெந்த ஃபைலில் கத்துகிறது என்று எனக்கு எழுதி அனுப்புங்க. அடுத்த எபிசோடில் பேசலாம்.